10 ரூபாய்க்கே பேனா கிடைக்கும்போது மரப் பேனாவுக்கு ஏன் இவ்வளவு விலை? கடைசல் முதல் கேமரா வரை... முழு விளக்கம்!

கடையில் 10 ரூபாய்க்கு ஒரு பால்பாயின்ட் பேனா கிடைக்கிறது. அதே எழுதும் வேலையைச் செய்யும் கைவினை மரப் பேனாவுக்கு ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம்னு விலை போடுறாங்க. வாங்குகிறவருக்கு ‘இது நியாயமான விலையா?’ என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

செய்கிறவருக்கோ வேறு கவலை. மணிக்கணக்கில் உட்கார்ந்து கடைந்த பேனா, மங்கலான ஒரு போட்டோவால் விற்காமலேயே கிடக்கும். இல்லையென்றால் போட்டோ தேவைக்கு மேல் பளபளவென்று வந்துவிடும். அப்புறம் ‘படத்துல சிவப்பா இருந்துச்சு, கையில வந்தது பழுப்பா இருக்கே’ என்று பேனா திரும்பி வரும்.

தொட்டுப் பார்த்து வாங்க முடியாத பொருளுக்கு போட்டோதான் கடை, போட்டோதான் வாக்குறுதி. அதனால் மரப் பேனா எப்படி உருவாகிறது, அதை எப்படிப் படம் எடுக்க வேண்டும், வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என எல்லாத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரப் பேனா என்றால் முழுக்க மரமா?

இல்லை. பெரும்பாலான மரப் பேனாக்களில் வெளியே தெரியும் உடல் பகுதி மட்டுமே மரம். அதற்குள்ளே மெல்லிய பித்தளைக் குழாய் இருக்கும். முனை, கிளிப், திருகும் பாகம், ரீஃபில் ஆகியவை ‘கிட்’ எனப்படும் தொகுப்பாக வெளியில் வாங்கப்படுகின்றன. பலரும் கற்றுக்கொள்ளத் தொடங்கும் ‘ஸ்லிம்லைன்’ வகைக்கு 7 மில்லிமீட்டர் குழாய் போதும்.

மைப் பேனா என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. மரம் மையை உறிஞ்சிக் கறை பிடிக்கும் என்பதால், நிப் பொருந்தும் கழுத்துப் பகுதியைப் பொதுவாக பிளாஸ்டிக், உலோகம் அல்லது எபோனைட்டில் செய்கிறார்கள். மையும் மரத்துக்குள் நேரடியாக ஊற்றப்படுவதில்லை. கார்ட்ரிட்ஜ் அல்லது கன்வெர்ட்டர் வழியாகத்தான் வரும். மையை உடலுக்குள்ளேயே ஊற்றும் நம்ம ஊர் பழைய பாணிக்கு எபோனைட் எனும் கடின ரப்பர்தான் பொருத்தம். ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனாவும், தமிழ்நாட்டின் திருவள்ளூரில் ரங்கா பேனாவும் பெயர் வாங்கியது அந்த எபோனைட்டில்தான்.

எந்த மரம் நல்லது?

ஒரு பேனாவுக்குத் தேவைப்படும் மரம் ரொம்பக் கொஞ்சம். முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குலம், நீளம் 5 அங்குலம். இந்தக் கட்டைக்கு ‘பிளாங்க்’ என்று பெயர். தச்சுப் பட்டறையில் அடுப்புக்குப் போகும் துண்டே இதற்குப் போதும்.

வைரம் பாய்ந்த பகுதியாக இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ள மரம் கடையும்போது நல்லாத்தான் இருக்கும். சில வாரங்கள் கழித்துக் காயும்போதுதான் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. இரண்டுக்கும் நடுவே இழுபறி வந்து மரம் நீளவாக்கில் வெடித்துவிடும். சென்னை ஈரக்காற்றில் செய்த பேனா, நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலக மேஜையில் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த விஷயத்தில் பழைய வீட்டு மரங்கள் கைகொடுக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. இடித்த வீடுகளின் நிலை, சட்டம், உத்தரத் துண்டுகள் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. உள்ளே ஆணி மறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உளி பட்டால் உளியும் போச்சு, கையும் போச்சு.

புளி, வேம்பு, பலா, வாகை, பூவரசு எல்லாமே பேனாவுக்கு ஆகும். பனை வைரம் கறுப்புக் கோடுகளோடு பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் அதன் நார்கள் உளியில் பிய்த்துக்கொண்டு வரும் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்ததையும் மறக்கக் கூடாது.

செம்மரம், சந்தனம், ஈட்டி... சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். ‘சின்னத் துண்டுதானே’ என்று நினைப்பதுதான் ஆபத்து.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரக்கூடியது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட மொத்தமும் 2017 ஜனவரியில் இருந்து அதே பட்டியலில் வந்தது. 10 கிலோவுக்குக் குறைவான தயாரிப்புப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் வெளிநாட்டுக்கு பார்சல் அனுப்பும் முன் இந்திய ஏற்றுமதி விதிகளையும், வாங்குகிறவர் நாட்டு விதிகளையும் பார்த்தே ஆக வேண்டும். சந்தனத்துக்கும் வனத்துறைக் கட்டுப்பாடுகள் தனியாக உண்டு.

செய்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய எளிய விதி ஒன்று இருக்கிறது. மரம் எங்கே வாங்கியது என்பதற்கு பில் இருக்க வேண்டும். பில் இல்லாத மரத்தில் பேனா செய்து, அதை அழகாக போட்டோவும் எடுத்துப் போட்டால், தனக்கு எதிரான ஆதாரத்தைத் தானே வெளியிட்ட மாதிரி ஆகிவிடும்.

இதில் பெயர்க் குழப்பமும் உண்டு. மாலை முதல் மோதிரம் வரை இப்போது எங்கு பார்த்தாலும் கருங்காலிதான். ஆனால் அந்தப் பெயரை எபனி வகை மரத்துக்கும் சொல்கிறார்கள், சித்த மருத்துவத்தில் வேறொரு மரத்துக்கும் சொல்கிறார்கள். சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. அதனால் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

எப்படிச் செய்றாங்க?

வேலை நடப்பது கடைசல் இயந்திரத்தில். பட்டறைப் பேச்சில் ‘லேத்’. தமிழில் ‘மரக்கடைசல்’ என்பது பழைய தொழில். அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான்களும், கர்நாடகாவின் சென்னபட்டணா பொம்மைகளும் இதே தொழில்நுட்பத்தில் வந்தவைதான். பேனாவில் அதே வேலை சின்ன அளவில், நூல் பிசகாமல் நடக்க வேண்டும்.

1. வெட்டுதல்: இரண்டு பகுதிப் பேனா என்றால் கட்டையைப் பாதியாக வெட்டுவார்கள். வெட்டும் முன் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிட வேண்டும். அந்த அடையாளம் இருந்தால்தான் கடைசியில் மர ரேகை மேலும் கீழும் ஒன்றாகச் சேரும். வாங்குகிறவர் முதலில் கவனிப்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

2. துளையிடுதல்: நடுவே நேராகத் துளை போட வேண்டும். அவசரப்பட்டால் ட்ரில் சூடேறி மரம் வெடிக்கும். அடிக்கடி வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டுத் தொடர வேண்டும். மறுபக்கம் ட்ரில் வெளியே வரும் இடத்தில் மரம் சிதறும் என்பதால், கட்டையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, துளை முழுசாக வெளிவரும் முன் நிறுத்தி, அந்த நுனியை வெட்டிவிடுவது நல்ல வழி.

3. குழாய் ஒட்டுதல்: பித்தளைக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி அல்லது உடனடிப் பசையால் ஒட்டுவார்கள். குழாய்க்குள் பசை போகாமல் இருக்க, பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் குழாயின் வாயை அழுத்தி அடைப்பது பேனா கடைபவர்களின் பழைய யுக்தி. ஈட்டி, எபனி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

4. முனை சமப்படுத்துதல்: மரத்தின் இரு முனையும் குழாய்க்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோக வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும்.

5. கடைதல்: கட்டையை ‘மேன்ட்ரல்’ எனும் கம்பியில் கோத்து, இருபுறமும் ‘புஷ்’ எனும் அளவு வளையங்கள் வைத்து, பொதுவாக நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வேகத்தில் உளியால் சீவுவார்கள். மரம் புஷ் வளையத்தின் மட்டத்துக்கு வந்தால் அளவு சரி. மேன்ட்ரலை அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி வளைந்து, பேனா ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும்.

6. தேய்த்தல்: 150, 220, 320, 400, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தை நிறுத்தி, நார் ஓடும் திசையில் ஒருமுறை தேய்த்தால்தான் வட்டக் கீறல்கள் மறையும். இதில் ஒரு படியைத் தாவினால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கேமராவுக்குத் தப்பாது.

பாலிஷில் என்ன வித்தியாசம்?

விலையையும் ஆயுளையும் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மெழுகு தொடுவதற்கு மரம் மாதிரியே இருக்கும். ஆனால் கை பட்டுப் பட்டு சீக்கிரம் போய்விடும். அரக்கில் இருந்து வரும் ஷெல்லாக் அழகான மினுமினுப்பு தரும். ஆனால் அது ஆல்கஹாலில் கரையக்கூடியது. சானிடைசர் ஈரத்தோடு பேனாவைப் பிடித்தால் அதன் மேல்பூச்சு பிசுபிசுக்கும்.

நீண்ட நாள் உழைக்க, பலரும் உடனடிப் பசையையே மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரத்தோடு 12,000 எண் வரை உள்ள நுண் பட்டைகளால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குகிறார்கள். ‘இது மரமா, பிளாஸ்டிக்கா?’ என்று சிலர் முகம் சுளிப்பது இந்தப் பூச்சைப் பார்த்துத்தான். இது ரசனை சார்ந்த விஷயம். எந்தப் பூச்சு என்பதை விற்பவர் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

உடம்புக்கு ஆபத்து இருக்கா?

இருக்கு. உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேய்க்கும்போது கிளம்பும் நுண்தூள்தான் மோசமானது. உடனடிப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. நன்றாகப் பொருந்தும் என்95 தர முகக்கவசம், முகத்தை முழுசாக மறைக்கும் கண்ணாடித் தடுப்பு, தூளை உறிஞ்சும் கருவி ஆகியவை தேவை. தொங்கும் துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கைக் கயிறு, கையுறை எதுவும் சுற்றும் லேத் பக்கம் போகவே கூடாது.

அப்போ விலை எப்படி வருது?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கிட், மரம், பசை, பூச்சு சேர்த்து 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செய்ய 2 மணி நேரம், போட்டோ எடுத்து பதிவு போட்டு பேக் செய்ய இன்னும் 1 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் கூலி என்றால் 600 ரூபாய். பெட்டி, கூரியர் 100 ரூபாய். ஐந்து கட்டையில் ஒன்று வெடித்துப் போனால், அதற்கான மரம், குழாய், 2 மணி நேரக் கூலி என 500 ரூபாய் நஷ்டம். அது மற்ற நான்கு பேனாக்கள் மீது தலா 125 ரூபாயாக ஏறும். மொத்தம் 1,225 ரூபாய். லேத், உளி, மின்சாரச் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கில் போட்டோவுக்கும் கூலி இருக்கிறது பாருங்கள். படம் சரியாக வராமல் ஒரு பேனா திரும்பி வந்தால் கூரியர் செலவு இரட்டிப்பாகும், லாபம் மொத்தமாகப் போகும்.

பேனாவை போட்டோ எடுப்பது ஏன் கஷ்டம்?

பளபளப்பான பேனா என்பது உருளை வடிவக் கண்ணாடி. அறையில் இருக்கும் ட்யூப் லைட், ஜன்னல், உங்கள் கை, செல்போன் எல்லாமே அதில் தெரியும். ஃப்ளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழுந்து, மர ரேகை காணாமல் போகும்.

இதற்குத் தீர்வு, ஒளியைப் பெரிதாகவும் மென்மையாகவும் ஆக்குவது. அதற்கு வீட்டில் இருப்பதே போதும்:

* நேரடி வெயில் விழாத ஜன்னல் ஓரம் மேஜையைப் போடுங்கள். ஜன்னலில் வெள்ளை வேட்டி அல்லது பட்டர் பேப்பர் கட்டுங்கள்.
* பேனாவை ஜன்னலுக்கு இணையாக வையுங்கள். அப்போதுதான் உடலில் சிதறிய பொட்டுகளுக்குப் பதில் ஒரே நீளமான ஒளிக்கோடு விழும்.
* எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் நிழல் இளகும். குரோம் கிளிப்பின் ஓரம் தெளிவாகத் தெரிய, பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள்.
* அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் ட்யூப் லைட்டும் கலந்தால் எந்த ஆப் கொண்டும் நிறத்தைச் சரிசெய்வது கஷ்டம்.
* மைக்ரோஃபைபர் துணியால் துடைத்த பிறகு விரல் படாமல் வையுங்கள். உருளாமல் இருக்க, போஸ்டர் ஒட்டும் பசையில் மிளகு அளவு அடியில் வைத்தால் போதும்.

செல்போன் போதுமா?

போதும், சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால். ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் பக்கத்தில் இருக்கும் முனை பெருத்துத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ‘போர்ட்ரெய்ட்’ மோடு வேண்டாம். அது கிளிப்பின் ஓரத்தையும் நிப்பின் நுனியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். போனை ஸ்டாண்டில் வைத்து, 3 விநாடி டைமரில் எடுத்தால் ஆட்டம் இருக்காது.

கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 8 முதல் எஃப் 11 வரை துளை அளவும், குறைந்த ஐஎஸ்ஓ-வும் வைக்கலாம். கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். பேனாவைச் சாய்வாக வைத்தால் ஒரு முனை தெளிவாகவும் மறுமுனை மங்கலாகவும் வரும். முழுப் பேனாவும் தெளிவாக வேண்டும் என்றால், லென்ஸுக்கு நேராகப் படுக்க வைக்க வேண்டும்.

நிறம் ஏன் மாறுது?

புகார்கள் வருவது பெரும்பாலும் இதில்தான். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கேமரா. வெள்ளைப் பின்னணி வைத்தால் கேமரா படத்தை இருட்டாக்கும். கறுப்புப் பின்னணி வைத்தால் தேவைக்கு மேல் வெளுக்கச் செய்யும். சாம்பல் நிறப் பின்னணி இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பானது. போனில் பேனாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, தேவையான அளவுக்கு ஏற்றி இறக்குங்கள். முதல் படத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால், பிறகு அதை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம். சில போன்கள் தாமாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டும். அதனால் கடைசியில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள்.

இரண்டாவது, மரம். சில மரங்களின் நார்கள் திருப்பும்போது பட்டுப்புடவை போல மின்னும். ஒரு கோணத்தில் பொன்னிறம், இன்னொரு கோணத்தில் பழுப்பு. ஒரே படத்தில் இதைக் காட்ட முடியாது. பேனாவை மெதுவாகச் சுழற்றும் 10 விநாடி வீடியோ இதற்குச் சரியான பதில்.

மூன்றாவது, காலம். புதுசாகக் கடைந்த பலா மஞ்சளாக இருக்கும். ஒளி பட்டுப் பட்டு பழுப்பாகும். படாக் மரத்தின் சிவப்பும் அப்படித்தான் மங்கும். கடைந்த அன்று எடுத்த படத்தைப் போட்டு ஆறு மாதம் கழித்து விற்றால் நிறம் மாறித்தான் இருக்கும். அனுப்பும் முன் புதுப் படம் எடுப்பதே நேர்மை.

எத்தனை படம் போடணும்?

குறைந்தது ஆறு: மூடியோடு முழுப் பேனா, மூடி திறந்த நிலை, முனை அல்லது நிப்பின் நெருக்கமான படம், மரமும் உலோகமும் சேரும் இடம், மறுபக்க ரேகை, கையில் பிடித்த படம். கடைசிப் படம் அளவைச் சொல்லும். பேனாவின் கனம் பலருக்குப் பிரச்சினை என்பதால் எடையை எண்ணிலேயே எழுதுங்கள். மரத்தில் சின்ன முடிச்சோ, நிரப்பிய விரிசலோ இருந்தால் அதற்கும் ஒரு படம் போடுங்கள். மறைத்தால் விற்கும், ஆனால் திரும்பி வரும்.

‘படம் வெறும் மாதிரிதான்’ என்று போட்டால் தப்பிக்கலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-ன்படி, ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் முடியாது. ஒவ்வொரு மரக்கட்டைக்கும் ரேகை வேறு என்பதால், ஒரு பேனாவின் படத்தைப் போட்டுப் பத்துப் பேனா விற்கிறவர்கள், ‘ரேகை மாறுபடும்’ என்பதை முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும், மரமே வேறு என்றால் அந்த வரி காப்பாற்றாது. ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இது எந்த மரம்? தாவரவியல் பெயர் என்ன? பில் உண்டா?
2. படத்தில் இருக்கும் அதே பேனாதான் வருமா?
3. மேலே என்ன பூச்சு? சானிடைசர், வியர்வை தாங்குமா?
4. எந்த ரீஃபில் பொருந்தும்? நம்ம ஊர் கடையில் கிடைக்குமா?
5. பேனாவின் எடை எவ்வளவு?
6. மரம் வெடித்தால் மாற்றித் தருவீர்களா? எத்தனை மாதம்?

இந்த ஆறுக்கும் தயங்காமல் பதில் வந்தால், விலையைப் பற்றிப் பேசலாம். வாங்கிய பிறகு பராமரிப்பு ரொம்ப சிம்பிள்: வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஈரக்கையோடு பிடித்தால் துடைத்துவிடுங்கள், சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள். ரீஃபில் தீர்ந்ததும் தூக்கிப் போடும் பேனா இல்லை இது. ரீஃபிலை மட்டும் மாற்றினால் பல வருஷம் எழுதும்.